கும்பகோணத்தில் டயாலிசிஸ்: ஸ்கேனுக்கு முன்பே சொன்ன விரல்கள்

டயாலிசிஸில் இருப்பவர்கள் ஊருக்குப் போவதென்றால் முதலில் டிக்கெட் பார்ப்பதில்லை, அங்கே ஒரு யூனிட்டில் இடம் கிடைக்குமா என்றுதான் பார்ப்போம். கும்பகோணத்தில் கிடைத்தது. விமானம், அண்ணன் வீடு, கல்யாணம் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. நான் எழுத வந்தது என் இடது கையைப் பற்றி.

சேருவதற்கு முன் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் ரிப்போர்ட் புதிதாக வேண்டும் என்றார்கள். நியாயம்தான், நான் இருக்கும் டொராண்டோவிலும் கேட்பார்கள். பக்கத்துத் தெரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். ரத்தம் எடுக்கும் தம்பிக்கு என் இடது முன்கையில் விரல் தண்டிக்குப் புடைத்திருக்கும் நரம்பைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. ரப்பர் பட்டையை எடுத்துக் கட்டவே வந்துவிட்டார். "இது பிஸ்டுலா கை, தொடாதீங்க" என்றேன். "நரம்பு நல்லாத் தெரியுதே சார், ஒரே குத்துதான்" என்கிறார்! வலது புறங்கையில் எடுக்கச் சொல்லி மன்றாட வேண்டியிருந்தது. அவருடைய மேலாளர் வந்து, "எந்தக் கையா இருந்தா என்ன சார்?" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. டொராண்டோவில் ஆஸ்பத்திரியில் படுத்தால் கட்டிலுக்கு மேலேயே எழுதி மாட்டிவிடுவார்கள், இந்தக் கையில் ஊசியும் பிரஷர் பட்டையும் கூடாது என்று.

அந்தப் புடைப்புதான் பிஸ்டுலா, தானாக வந்ததில்லை. டயாலிசிஸ் மெஷினுக்கு வேண்டிய அளவு ரத்தம் வேகமாகக் கிடைப்பதற்காக மணிக்கட்டுக்குப் பக்கத்தில் தமனியையும் சிரையையும் அறுவை செய்து சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். 1966-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருந்த முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையிலிருந்து பிரெஸ்சியா, சிமினோ, அப்பெல் குழுவினர் வெளியிட்ட முறை அது. அந்த சிமினோ படிக்கிற காலத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவர். சிரை என்பது மெல்லிய சுவர் கொண்ட குழாய், அதற்குள் அழுத்தம் மிகக் குறைவு. தமனியோடு சேர்த்ததும் ஓட்டம் பத்து மடங்குக்கு மேல் ஏறுகிறது. சிரையின் உள்தோல் செல்கள் அந்த உராய்வை உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றன, தசை தளர்கிறது, சுவரின் மீள்நார்கள் கரைந்து குழாய் விரிகிறது, பிறகு சுவர் தடிக்கிறது. 6 வாரம், 6 மில்லிமீட்டர் அகலம், நிமிடத்துக்கு 600 மில்லி ஓட்டம், தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள் ஆழம் இருந்தால் குழாய் முதிர்ந்து ஊசிக்குத் தயார் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பலருக்கு இந்த முதிர்ச்சியே வராது. சர்க்கரையால் சுண்ணாம்பு ஏறிய தமனி விரிந்து கொடுக்காது. இறுக்கிக் கட்டி ஓட்டத்தை நிறுத்தினால் ரத்தம் உறைந்து, மாதக்கணக்கில் வளர்ந்த குழாய் ஒரே நாளில் அடைந்துபோகலாம்.

சரி, யூனிட்டுக்கு வருகிறேன். அங்கே இருந்த டெக்னீஷியன் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். ஊசி போடுமுன் மூன்று விரலை மணிக்கட்டுத் தழும்பில் வைத்தார், மெதுவாக மேலே நகர்த்தினார். திரும்பக் கீழே வந்தார். முழங்கைக்குக் கீழே சிரையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் அடியில் துடிப்பைப் பார்த்தார். "இங்க நல்லா அடிக்குது சார், ரெண்டு விரல் மேல போனா அப்படியே விழுந்துடுது. அழுத்தினாலும் எழும்ப மாட்டேங்குது. தையலுக்கு மேல சுருங்குற மாதிரி இருக்கு" என்றார். அன்று மெஷினும் அதையேதான் சொன்னது. பம்ப் வேகத்தை நிமிடத்துக்கு 300 மில்லிக்கு ஏற்றினால் அலாரம் அடித்தது, ரத்தம் போதவில்லை.

டொராண்டோவில் மாதம் ஒருமுறை மெஷின் வைத்து ஓட்டத்தை அளந்து, அட்டவணையில் எழுதிவிட்டுப் போவார்கள். கையைத் தொட்டு இவ்வளவு நேரம் பார்த்தவர் யாரும் எனக்கு நினைவில்லை.

அவர் காட்டிய இடம்தான் மணிக்கட்டு பிஸ்டுலா பெரும்பாலும் கெட்டுப்போகும் இடம். தைப்பதற்காகச் சிரையைப் படுகையிலிருந்து எடுத்துத் திருப்பிய வளைவு அது. நேராக ஓடும் ரத்தம் குழாயை விரிக்கிறது, வளைவில் சுழன்று முன்னும் பின்னும் அலையும் ரத்தமோ உள்தோலைக் குழப்பிவிடுகிறது. காவிரி வாய்க்கால் திரும்புகிற இடத்தில் மண் சேர்வதுபோல, ஆனால் இங்கே சேர்வது வெளியிலிருந்து வந்த வண்டல் இல்லை. சுவரின் தசைச் செல்களே பெருகி உள்நோக்கி வளர்ந்து வழியைக் குறுக்குகின்றன. சிறுநீரகம் வெளியேற்றாத கழிவுகளும் அழற்சியும் அதற்குத் துணை போகின்றன. குழாய்க்குள் சின்ன பலூன் வைத்து விரிக்கலாம், ஆனால் பலூனும் சுவரைக் காயப்படுத்துவதால் சுருக்கம் திரும்பி வரும். இதை நம்பகமாகத் தடுக்கும் மருந்து இன்னும் கையில் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அண்ணாச்சிக்கு பிஸ்டுலா இல்லை, கழுத்துச் சிரையில் போட்ட ட்யூப் வழியாகத்தான் டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டில் டயாலிசிஸ் நடக்கிறது, அந்தக் கவலை இல்லை. சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் வருடக்கணக்காக ஏறிக்கொண்டிருந்திருக்கிறது, பிஸ்டுலா பற்றி ஒருவரும் பேசவில்லை. மூச்சு முட்டி ஓடிவந்த பிறகு அவசரமாகப் போட்ட ட்யூப். அதன் வழியாகக் கிருமி நேரே ரத்தத்தில் இறங்கலாம். நாளாக ஆக நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய சிரையும் சுருங்கலாம். அப்படிச் சுருங்கினால் அந்தப் பக்கக் கையில் பிஸ்டுலா வைத்தும் கை வீங்கிப் போகும். இத்தனை திறமையான விரல்கள் இருக்கிற ஊரில், அந்த விரல்களுக்கு வேலை கொடுக்க ஒரு பிஸ்டுலா வைத்துக் கொடுக்காமல் விட்டது எனக்கு ஆறவே இல்லை. எங்கே, எப்போது வைப்பார்கள் என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லி அவர் மகனிடம் எழுதிக் கொடுத்தேன். அதுவரை இடது கையில் யாரையும் ஊசி குத்த விடாதே, ரத்தம் எடுப்பதென்றால் புறங்கையில் எடுக்கச் சொல் என்றும் எழுதினேன்.

டொராண்டோ திரும்பி ஸ்கேன் எடுத்தபோது சுருக்கம் அந்தப் பெண் விரல் வைத்த இடத்திலேயே இருந்தது. பலூன் வைத்தாயிற்று, திரில், அதாவது பிஸ்டுலாவில் விரல் வைத்தால் தெரியும் அதிர்வு, திரும்பியிருக்கிறது. அடுத்த முறையும் அதே யூனிட்டில்தான் இடம் கேட்பேன். ரிப்போர்ட்டுகளை மட்டும் இங்கிருந்தே எடுத்துப் போய்விடுவேன், வேறு ஏதாவது பார்ப்பதென்றால் மெஷினில் போடும்போதே ரத்தம் எடுத்துத் தரும்படி அந்தப் பெண்ணிடமே சொல்லிவைத்திருக்கிறேன்.