லண்டன் – டப்ளின், ரயிலும் கப்பலுமாக: ஒன்பது வருட அனுபவம்

அக்கா கல்யாணமாகி டப்ளின் போனது 2016ல். நான் அதற்கு இரண்டு வருடம் முன்பே லண்டன் வந்துவிட்டவன். முதல் தடவை அவளைப் பார்க்க எல்லாரையும் போல விமானத்தில்தான் போனேன். கைப்பை மட்டும் கொண்டுபோகிற மலிவு டிக்கெட். அம்மா மதுரையிலிருந்து கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாய், அரைக் கிலோ டப்பா, திரவம் என்று சொல்லிப் பாதுகாப்புச் சோதனையில் குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டது. போய் இறங்கியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஊறுகா எங்கடா?"

அந்தக் கடுப்பில் தேடியபோதுதான் செயில்ரயில் என்ற விஷயமே தெரிந்தது. லண்டன் யூஸ்டனிலிருந்து வேல்ஸின் ஓரத்தில் இருக்கும் ஹோலிஹெட் வரை ரயில், அங்கிருந்து ஐரிஷ் கடலைத் தாண்டி டப்ளின் துறைமுகத்துக்குக் கப்பல், இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். அன்றிலிருந்து இருபது தடவைக்கு மேல் போய் வந்துவிட்டேன். யாராவது கேட்டால் ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்அப்பில் நீட்டி முழக்க வேண்டியிருக்கிறது, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் டிக்கெட். இதன் பெரிய பலமே விலைதான். விலை குறைவு என்பதைவிட, விலை ஆடாது என்பது. ரயிலில் ஏறும் ஊரின் தூரத்தை வைத்துக் கட்டணம், மூன்று மாதம் முன்னால் வாங்கினாலும் முந்தின நாள் வாங்கினாலும் அதே காசு, கப்பலில் இடம் இருந்தால் போதும். லண்டனிலிருந்து ஒரு வழிக்கு இப்போது 50 பவுண்டைத் தாண்டிவிட்டது. கிறிஸ்துமஸ் வாரத்தில் விமான டிக்கெட் என்ன விலை விற்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இணையத்தில் தேடும்போது ஒரு சின்ன குழப்பம் வரும்: சேருமிடத்தில் வெறும் டப்ளின் என்று போடாமல் 'டப்ளின் ஃபெர்ரிபோர்ட்' என்று போட வேண்டும், ஏதோ அதுவும் ஒரு ரயில் நிலையம் என்பதுபோல. நான் முதல் தடவை அரை மணி நேரம் இதில் தொலைத்தேன்.

ரயில் சுமார் நாலு மணி நேரம். நேரடி ரயில் நாளைக்குச் சிலதான், மற்றபடி க்ரூவிலோ செஸ்டரிலோ மாற வேண்டும். காலை ஒன்பதை ஒட்டிக் கிளம்புகிற ரயிலைப் பிடித்தால் மத்தியானக் கப்பலுக்குச் சரியாக இருக்கும். டிக்கெட்டோடு இருக்கை எண் தானாக வராது, தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் அது இல்லாமல் ஏறி, க்ரூ வரை கழிவறைக் கதவோரம் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு போயிருக்கிறேன்.

செஸ்டர் வரை சொல்ல ஒன்றுமில்லை, தூங்கலாம். செஸ்டருக்கு அப்புறம் தூங்கக் கூடாது. போகும்போது வலது பக்க ஜன்னல், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் கடலை ஒட்டியே ஓடும், சில இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கான்வியில் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவரை உரசிக்கொண்டு போகும், கையை நீட்டினால் கல்லைத் தொட்டுவிடலாம் போல. அதைத் தாண்டினால் மெனாய் நீரிணை மேல் பிரிட்டானியா பாலம். ராபர்ட் ஸ்டீஃபன்சன் கட்டி 1850ல் திறந்தது, முதலில் ரயில் ஓடியது இரும்புக் குழாய்க்குள். 1970ல் வௌவால் பார்க்கத் தீப்பந்தத்தோடு உள்ளே போன பையன்களால் தீப்பிடித்து எரிந்து, அப்புறம் கீழே வளைவு கொடுத்து, மேல்தளத்தில் சாலையும் போட்டு மறுபடி கட்டினார்கள். இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னபோது, "அந்தப் பயலுக என்ன ஆனானுக?" என்று அதை மட்டும்தான் கேட்டார்.

அம்மா 2019ல் வந்தபோது இப்படித்தான் கூட்டிப்போனேன். வயதானவரை இவ்வளவு தூரம் இழுத்தடிக்கிறாயே என்று அக்கா திட்டினாள். ஆனால் அம்மாவுக்கு விமானத்தைவிட இதுதான் பிடித்தது. காலை நீட்டலாம், எழுந்து நடக்கலாம், புளிசோறு டப்பாவைத் திறந்து சாப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "ரயிலும் கப்பலும் ஒரே டிக்கெட்டாடா? அப்ப இது நம்ம போட் மெயில்" என்றார். தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தவர், எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போவாராம். 1914ல் பாம்பன் பாலம் திறந்ததும் வந்த வழி அது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதோடு அதுவும் அந்த வடிவில் போய்விட்டது. அம்மா அதில் ஏறியதே இல்லை. ஆனாலும் கான்வியிலிருந்து ஹோலிஹெட் வரை அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தார்.

சரி, ஹோலிஹெட். ரயில் நிலையமும் கப்பல் முனையமும் ஒரே கட்டடம், பிளாட்ஃபாரத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் செக்-இன் கவுன்ட்டர். கப்பல் கிளம்ப அரை மணி நேரம் முன்னால் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். பெரிய பெட்டிகளை அங்கேயே கொடுத்துவிடலாம், டப்ளினில் பெல்ட்டில் வரும். நம்மை ஒரு பேருந்தில் ஏற்றி, அந்தப் பேருந்தையே கப்பலின் வயிற்றுக்குள் ஓட்டிப்போவார்கள். சுற்றிலும் லாரிகள், டீசல் வாடை, இரும்புச் சங்கிலி தரையில் உருளும் சத்தம். அக்கா பையன் நாலு வயதில் இந்த இடத்தில் வாயைத் திறந்தவன் மேல்தளம் வரும்வரை மூடவில்லை.

பெரிய கப்பலில் மூன்றேகால் மணி நேரம். யுலிசிஸ் என்று 2001லிருந்து ஓடுகிற கப்பல் ஒன்று இருக்கிறது, ஒரு தெருவையே தூக்கி மிதக்க விட்டதுபோல, கொஞ்சம் காற்று அடித்தாலும் அசட்டையாகப் போகும். கோடையில் ஓடும் விரைவுக் கப்பல் ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் காற்று பலமானால் முதலில் ரத்தாவது அதுதான். நேரம் முக்கியம் என்று அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடைசியில் பெரிய கப்பலுக்கே மாற்றி விடப்பட்டவன் சொல்கிறேன், முதலிலேயே பெரியதில் போடுங்கள்.

கடல் மயக்கம் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். இருபது சொச்சம் பயணத்தில் எனக்கு இரண்டு தடவைதான் வயிற்றைப் பிரட்டியது, இரண்டும் ஜனவரி. கப்பலின் முன்பக்கம் பெரிய கண்ணாடியும் அழகான காட்சியும் இருக்கும், அதனால் எல்லாரும் அங்கே ஓடுவார்கள், ஆட்டமும் அங்கேதான் அதிகம். நடுவில், கீழ்த்தளத்தில் உட்காருங்கள். ஒரு எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள், உருளைக்கிழங்கு வறுவலும் விலையும்தான் நினைவில் நிற்கும். பவுண்டு, யூரோ இரண்டும் வாங்குவார்கள். இன்னொன்று, கிளம்பியதும் ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் ஃபோன் தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும், அது வழக்கமான ரோமிங் கணக்கில் வராது. ஒரு கிரிக்கெட் ஸ்கோர் பார்த்ததற்கு எனக்கு வந்த பில்லில் ஒரு வழி டிக்கெட்டே எடுத்திருக்கலாம்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் ரயிலும் இல்லை கப்பலும் இல்லை, இரண்டும் சேருகிற அந்த முடிச்சு. ஒரு முறை வழியில் சிக்னல் கோளாறு, ஒரு வயல் ஓரத்தில் எழுபது நிமிடம் நின்றோம். ஹோலிஹெட்டில் இறங்கும்போது, நாங்கள் ஏற வேண்டிய கப்பல் அலைதடுப்புச் சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சுவர் 2.7 கிலோமீட்டர் நீளம், அதனால் போகிற கப்பல் கண்ணைவிட்டு மறையவும் நேரமாகும், நின்று நிதானமாகப் பார்க்கலாம். காசு போகவில்லை, ரயில் தாமதம் என்றதும் கவுன்ட்டரில் இருந்தவர் ஒன்றும் கேட்காமல் இரவுக் கப்பலுக்கு மாற்றிக்கொடுத்தார். ஆனால் ஆறு மணி நேரம் அந்தச் சின்ன ஊரில் என்ன செய்வது? தெருவை இரண்டு தடவை சுற்றினேன், மழை வந்தது, திரும்பி வந்து உட்கார்ந்தேன். அதிலிருந்து, காகிதத்தில் சரியாகப் பொருந்துகிற ரயிலுக்கு முந்தைய ரயிலைப் பிடிப்பதுதான் என் வழக்கம்.

திரும்பும் வழியில் இன்னொரு கண்ணி உண்டு. டப்ளினிலிருந்து இரவு கிளம்பும் கப்பல் ஹோலிஹெட் சேரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும், அடுத்த லண்டன் ரயில் விடியற்காலையில்தான். நாலு மணி நேரம் பெஞ்சில். இருபத்தைந்து வயதில் செய்யலாம், இப்போது முடியாது. காலைக் கப்பல்தான் நல்லது, சாயங்காலத்துக்குள் வீடு.

புயல் வந்தால் எல்லாம் நிற்கும், அதற்கு மருந்தில்லை. 2024 டிசம்பரில் டாராக் புயல் சமயத்தில் ஹோலிஹெட்டில் கப்பல் அணையும் மேடை சேதமாகி, துறைமுகமே மூடி, 2025 ஜனவரி நடுவில்தான் பாதி திறந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் லண்டனிலேயே இருந்தேன், விமான டிக்கெட் விலையை ஒரு தடவை பார்த்ததோடு சரி.

விசா பற்றி ஒரு எச்சரிக்கை. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் பொதுப் பயணப் பகுதி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, எனக்கு விசா வேண்டாம் என்று நினைக்கும் நம் ஆட்கள் நிறைய. அது பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்கு. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருந்தால், லண்டனில் நிரந்தரமாக வசித்தாலும், அயர்லாந்து விசா தனியாக எடுக்க வேண்டும். இரண்டு நாடுகளுக்கும் பொதுவான குறுகிய கால விசாத் திட்டம் ஒன்று இந்தியர்களுக்கு இருக்கிறது, அம்மா வந்தது அதில்தான். விசாவில் அதற்கான குறிப்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

இனி நான் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதன் காரணம்: மூட்டை. ஊறுகாயை யாரும் மோந்துபார்ப்பதில்லை, தோசை மாவு வாளியோடு போயிருக்கிறேன். ஆனால் 2021 ஜனவரிக்கு அப்புறம் கணக்கு மாறிவிட்டது. பிரெக்ஸிட் முடிந்து, பிரிட்டனிலிருந்து அயர்லாந்துக்குள் கறியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. அம்மா உருக்கிக் கொடுத்த நெய்யும் பால் பொருள்தான். காய்கறி, பழங்களிலும் அப்படியே, தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, டூரியான், பேரீச்சை தவிர. அதாவது தேங்காய் போகலாம், கறிவேப்பிலை போகக் கூடாது. இந்த விதியை எழுதியவர் சட்னி அரைத்ததே இல்லை என்பது அக்காவின் தீர்ப்பு.

சட்னி என்றதும் கிரைண்டர். 2022ல் ஈஸ்ட்ஹாமில் வீடு மாறியபோது டேபிள் டாப் கிரைண்டர் ஒன்று மிச்சமானது, இரண்டு லிட்டர், தூக்கினால் இடுப்பு பேசும். மூணு பின் பிளக் இரண்டு நாட்டிலும் ஒன்றேதான், மாற்ற வேண்டியதில்லை. கொண்டுவா என்றாள் அக்கா. துணி சுற்றி, சக்கரம் வைத்த பெட்டியில் போட்டு இழுத்துப் போனேன். டப்ளினில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். டிரம்முக்குள்ளிருந்த கல்லை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரிசி அரைக்கிற கல் என்றேன். எதற்கு அரிசியை அரைக்க வேண்டும் என்று கேட்டார், சந்தேகத்தில் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். பின்னால் வரிசை நின்றுகொண்டிருக்க, உளுந்து ஊறவைப்பதிலிருந்து ஆரம்பித்தேன்.

துறைமுகத்திலிருந்து ஊருக்குள் போவது மட்டும் இன்றுவரை எனக்கு ஒத்துவரவில்லை. கப்பல் நேரத்தை ஒட்டிப் பேருந்து இருக்கும், அதை விட்டால் லாரிகள் பறக்கும் சாலையில் நடந்துபோய் பாயின்ட் நிறுத்தத்தில் லுவாஸ் ட்ராம் பிடிக்க வேண்டும். கைவீசி நடந்தால் அரை மணி நேரத்துக்குமேல், கிரைண்டரோடு என்றால் கேட்காதீர்கள். கப்பல் டப்ளின் விரிகுடாவுக்குள் நுழையும்போது பூல்பெக் மின்நிலையத்தின் சிவப்பு வெள்ளைப் புகைபோக்கிகள் இரண்டும் தெரிந்ததும் எல்லாரும் ஃபோனில் படம் எடுப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் இறங்கும் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டால் பேருந்தில் இடம் கிடைக்கும்.

தனி ஆளாக, ஒரு தோள்பையோடு, இரண்டு நாள் விடுமுறை என்றால் விமானத்திலேயே போங்கள், போக ஒரு நாள் வர ஒரு நாள் என்று கப்பலில் போக்கிவிட்டால் அப்புறம் என்ன பார்ப்பீர்கள். போன வாரம் அக்கா ஃபோன் செய்தாள், கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டதாம், அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லையாம். இங்கே ஈஸ்ட்ஹாமில் வாங்கி வைத்திருக்கிறேன், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம், நூறு கிராம்கூட இருக்காது. அக்டோபருக்கு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது, ரயிலும் கப்பலும்தான்.