ஆபீஸ் மெயிலை சொந்த போன்ல போடறதுக்கு எந்த வழி தேவலாம்?

சேர்ந்த மொத வாரமே சொல்லிருவாங்க, அவுட்லுக்கும் டீம்ஸும் போன்ல போட்டுக்கோங்கன்னு. போன் நம்ம காசுல வாங்கினது, போடலாம்தான், ஆனா எப்படி போடறோம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு.

இருக்கறதுலயே மோசம் மொத்த போனையும் கம்பெனி கன்ட்ரோல்ல குடுக்கறது. பழைய ஆண்ட்ராய்டுல டிவைஸ் அட்மின்னு ஒரு ஸ்க்ரீன் வரும், எல்லா டேட்டாவையும் அழிக்கலாம்னு அதுலயே போட்டிருக்கும், படிக்காம ஆக்டிவேட்டை அமுக்கிருவோம், அப்புறம் வேலைய விடற அன்னைக்கு ஐடி டீம் வைப் (மொத்தமா அழிக்கற கட்டளை) குடுத்தா புள்ளையோட போட்டோவும் சேர்ந்து போயிரும். கம்பெனி ரூட் சர்டிஃபிகேட்டும் (கம்பெனியை போன் நம்பறதுக்கான டிஜிட்டல் சான்று) விபிஎன்னும் (நெட் போக்குவரத்தை கம்பெனி வழியா திருப்பி விடறது) சேர்த்து போடச் சொன்னா அந்த வழியா போற பிரவுசிங்கையும் பிரிச்சு பாக்கலாம். நானா இருந்தா முடியாதுன்னுதான் சொல்வேன்.

என் ஓட்டு வொர்க் ப்ரொஃபைலுக்கு, அதாவது போனுக்குள்ளயே ஆபீஸ் ஆப்புக்குன்னு பிரிச்ச தனி இடம். 2014ல ஆண்ட்ராய்டு லாலிபாப்போட வந்துச்சு, ஒரே வீட்ல தனி வாசல் வெச்ச போர்ஷன் மாதிரி. ஆபீஸ் ஆப்ல சின்னதா ஒரு பெட்டி படம் ஒட்டியிருக்கும், அழிச்சாலும் அந்தப் பக்கம் மட்டும்தான் போகும், நம்ம கேலரியும் வாட்ஸ்அப்பும் அவங்க கண்ணுல படாது. சனிக்கிழமை ஒரே தட்டுல மொத்தத்தையும் ஆஃப் பண்ணிரலாம், இதுக்காகவே போடலாம்! ஐபோன்ல இதுக்கு கிட்டத்தட்ட சமம் யூசர் என்ரோல்மென்ட், 2019ல ஐஓஎஸ் 13ல வந்தது, அதுல முழு போனை அழிக்கவும் முடியாது, போனோட தனி அடையாளமான ஐஎம்இஐ நம்பரும் கம்பெனிக்கு போகாது.

சில கம்பெனில ஆப்புக்கு மட்டும் இன்ட்யூன் (மைக்ரோசாஃப்ட்டோட போன், ஆப் நிர்வாக சேவை) பாலிசி போடுவாங்க, பின் நம்பர் கேக்கும், காப்பி பேஸ்ட் ஆகாது. இதுக்கு ஆண்ட்ராய்டுல கம்பெனி போர்ட்டல் ஆப் இறக்கச் சொல்லும், பயப்பட வேணாம், இறக்கறது வேற, என்ரோல் பண்றது (போனையே கம்பெனி நிர்வாகத்துல சேர்க்கறது) வேற.

வெறும் பிரவுசர்ல திறந்தா ரொம்ப சுத்தம், ஆனா நோட்டிஃபிகேஷன் சரியா வராது, மேனேஜர் கத்துவாரு. லேப்டாப் குரோம்ல ஆபீஸ் ஐடி போட்டு சிங்க்கை மட்டும் ஆன் பண்ணிராதீங்க, நம்ம பாஸ்வேர்டெல்லாம் அந்த அக்கவுன்ட்ல போய் உக்காந்துக்கும்.

எந்த வழில போனாலும் ஒண்ணு மாறாது, டீம்ஸ்ல ரெண்டு பேர் தனியா பேசறதைக்கூட கம்பெனி தேவைப்பட்டா எடுத்துப் படிக்கலாம், எந்த ஐபிலேர்ந்து (நெட் இணைப்போட முகவரி) லாகின் பண்ணீங்கன்னும் பதிவாகும். இந்தியாவுல 2023 தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டத்துலயே வேலை சம்பந்தமா நம்ம டேட்டாவை சம்மதம் கேக்காம பயன்படுத்த ஒரு விதிவிலக்கு இருக்கு. அதனால மேனேஜரைத் திட்டணும்னா வேற ஆப்ல திட்டுங்க.