ஓஎஸ்எம்என்எக்ஸ்: முட்டுச்சந்தை எண்ணும், தெருவின் வயதைச் சொல்லாது

ஊர் விரிய விரியத் தெருக்கள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா, தனித்தனியாகத் துண்டாகின்றனவா? இதை எண்களில் பார்க்க நினைப்பவர்கள் முதலில் எடுக்க வேண்டிய இலவசக் கருவி, ஜெஃப் போயிங் உருவாக்கிய ஓஎஸ்எம்என்எக்ஸ் என்ற, பைத்தான் நிரல்மொழிக்கான லைப்ரரி. பொதுமக்கள் சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை இறக்கி, வளைவுக்காக இட்ட புள்ளிகளை நீக்கிவிட்டு, சந்திப்புகளையும் முட்டுச்சந்துகளையும் மட்டும் கணுக்களாக வைத்துக்கொள்கிறது. எல்லையில் வெட்டுப்படும் தெரு பொய் முட்டுச்சந்தாகிவிடாதபடி, 500 மீட்டர் கூடுதலாக இறக்கிப் பிறகு கத்தரிக்கிறது. வேலை தெரிந்தவர் செய்த கருவி என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

கணுவுக்கு எத்தனை தெரு என்ற சராசரியோடு நின்றுவிட வேண்டாம். எல்லாமே முச்சந்தி என்றாலும் சராசரி 3தான். மூன்றில் ஒரு பங்கு முட்டுச்சந்து, மீதி நாற்சந்தி என்றாலும் 3தான். விகிதங்களைத் தனித்தனியே எடுங்கள்.

சறுக்குவது சந்திப்புகளை ஒன்றிணைக்கும் இடத்தில். நடுவில் தடுப்புள்ள இரண்டு சாலைகள் வெட்டிக்கொண்டால் ஒரு சந்திப்பு 4 கணுக்களாகப் பதிவாகும். ஆகவே இணைத்தே தீரவேண்டும். முதலில் வரைபடத்தை மீட்டர் அலகுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் இணைப்புத் தூரமாகக் கொடுக்கும் 10 என்பதை 10 பாகை என்று எடுத்துக்கொள்ளும். அந்த 10 ஒவ்வொரு கணுவையும் சுற்றிய ஆரம். அதாவது 20 மீட்டருக்குள் இருக்கும் இரண்டு சந்திப்புகள் ஒன்றாகிவிடும். நெருக்கமான பழைய தெருக்களுக்கு இது அதிகம். இதைவிட மோசம், இணைக்கும்போது முட்டுச்சந்துகளைக் கழித்துவிடுவதே இயல்பு அமைப்பு. ஊர் சிதறிப் பரவுவதை அளக்க வந்தவருக்கு வேண்டியதே முட்டுச்சந்துகள்தானே! அந்த அமைப்பை மாற்றாமல் ஓட்டினால் புறநகர் பொய்யாக அழகாகத் தெரியும்.

கார் சாலைகளை மட்டும் கேட்டால், தனியார் அனுமதி என்று குறிக்கப்பட்ட தெருக்கள் வராது. வேலியிட்ட குடியிருப்புகள் அப்படியே காணாமல் போகும். கருவி தரும் சுற்றுவிகிதமும் (தெரு நீளத்துக்கும் நேர்கோட்டுத் தூரத்துக்கும் உள்ள விகிதம்) சந்திப்புக்குச் சந்திப்பு தெருவின் வளைவைத்தான் சொல்லும், பயணத்தின் சுற்றை அல்ல. அதற்குக் குறும்பாதைகளைத் தனியே கணக்கிட வேண்டும்.

பெரிய குறை, காலம். பழைய தேதியிட்டுத் தரவு கேட்டால் கிடைப்பது அன்று வரைபடத்தில் இருந்தது, அன்று தரையில் இருந்தது அல்ல. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தொடங்கியதே 2004-ல். வளர்ச்சியைப் பார்க்க, ஐரோப்பிய ஆணையத்தின் ஜிஎச்எஸ்எல் என்ற உலகக் குடியிருப்புத் தரவில் உள்ள கட்டடப் பரப்பை (1975 முதல், 5 ஆண்டுக்கு ஒன்று) மேலே வைத்து, கணுக்களைக் காலவாரியாகப் பிரித்து அளக்கலாம். அதிலும் வயல் நடுவே முன்பே ஓடிய சாலை, வீடுகள் வந்த ஆண்டின் கணக்கில்தான் சேரும்.