ப்ரீ-மெட் பிள்ளைக்கு எந்த ஸ்காலர்ஸ் புரோகிராம்? மூன்று கடிதங்களை வைத்து ஓர் அலசல்

மேரிலாந்தில் இருக்கும் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏப்ரல் மாதம் மூன்று சேர்க்கைக் கடிதங்கள் கிடந்தன. ஒன்று, காலேஜ் பார்க்கில் உள்ள மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பானெக்கர்/கீ உதவித்தொகை. இரண்டாவது, பால்டிமோர் அருகே யூஎம்பிசியில் (மேரிலாந்து பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டி) நடக்கும் மையர்ஹாஃப் ஸ்காலர்ஸ் உதவித்தொகைத் திட்டம். மூன்றாவது, பட்டப்படிப்பையும் மருத்துவப் படிப்பையும் இணைக்கும் பிரவுன் பல்கலைக்கழகத்தின் பிஎல்எம்இ. அக்கா மகளுக்கு டாக்டராக வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் முதலில் பட்டப்படிப்பு, பிறகுதான் மருத்துவக் கல்லூரி; அந்த முதல் கட்டம்தான் ப்ரீ-மெட். அத்திம்பேர் லேப்டாப்பில் எக்செல் திறந்து வைத்திருந்தார்.

அவள் கேட்ட முதல் கேள்வி: "ஹானர்ஸ் கெமிஸ்ட்ரி எடுத்தா ஸ்கூல்ல மாதிரி ஜிபிஏ ஏறுமா மாமா?"

ஏறாது. எம்.டி. என்பது அங்கே அடிப்படை மருத்துவப் பட்டம்; பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போகும் பொது அமைப்பான ஆம்காஸ், கடினமான ஹானர்ஸ் வகுப்புக்கு ஜிபிஏவில் (மதிப்பெண் சராசரியில்) கூடுதல் புள்ளி தருவதில்லை. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணக்கு நான்குக்கும் தனியாக ஒரு ஜிபிஏ வேறு கணக்கிடுகிறது. 'ஸ்காலர்' என்ற பெயரை நம்பி ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சறுக்கினால் அந்தப் பெயர் கைகொடுக்காது. ஆகவே எந்தக் கடிதம் கௌரவம் என்று பார்க்காமல், எது இவளுக்கு நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும் என்று பார்த்தோம்.

பிஎல்எம்இ எட்டாண்டுத் திட்டம். பட்டப்படிப்பு முடிந்ததும் பிரவுனின் சொந்த மருத்துவக் கல்லூரியிலேயே இடம். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுத வேண்டாம். ஏழரை மணி நேரத் தேர்வு, அதற்காகப் பறிபோகும் ஒரு கோடை, இருபது கல்லூரிகளுக்கு எழுதும் கட்டுரைகள் எல்லாம் தீர்ந்தது. விண்ணப்பிக்கிறவர்களில் பாதிக்கு மேல் இடம் கிடைக்காமல் திரும்பும் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பிரவுனில் மதிப்பெண்ணுக்கு உதவித்தொகை கிடையாது, குடும்பத் தேவைக்குத்தான். இருவரும் ஐடியில் சம்பாதிக்கும் வீட்டுக்கு அது அநேகமாகக் கைக்கு எட்டாது. ஆண்டுக்கு 90,000 டாலருக்கு மேல்.

மையர்ஹாஃபை நான் நெஞ்சார மதிக்கிறேன். 1988-இல் யூஎம்பிசி நிர்வாகி ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கியும் கொடையாளிகளான மையர்ஹாஃப் தம்பதியும் தொடங்கியது. கோவிட் தடுப்பூசி ஆய்வில் முன்னின்ற கிஸ்மேக்கியா கார்பெட் அங்கே படித்தவர். முதலாண்டுக்கு முந்தைய கோடையிலேயே பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்துப் பழக்குகிறார்கள். தனியாகத் திணறும் நிலை வராது. ஆனால் அதன் இலக்கு பிஎச்.டி., அல்லது எம்.டி.-பிஎச்.டி. ஆராய்ச்சிக்கூடம் பிடிக்காத பிள்ளை உதவித்தொகைக்காக மட்டும் அங்கே உட்காரக் கூடாது. அது அவளுக்கும் நல்லதில்லை, அந்த இடத்துக்காகக் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கும் நியாயமில்லை. "லேப் பிடிக்கும், ஆனா வார்டுதான் எனக்கு" என்றாள் இவள். அந்தக் கடிதத்தை மடித்து உறையில் போட்டாள்.

மீதி இரண்டு. பானெக்கர்/கீ முழுமையாகக் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் அடங்கும். ஹானர்ஸ் காலேஜில் இடமும் உண்டு. மருத்துவ இடத்துக்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

இங்கேதான் எக்செல் பேசியது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேரும் மருத்துவ மாணவர்களுக்கு கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான். மிச்சத்தை ஈடுகட்டிய கிராட் பிளஸ் கடன் புதியவர்களுக்கு இல்லை. தனியார் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் நாலாண்டுச் செலவு 3,00,000 டாலரைத் தாண்டுகிறது. பட்டப்படிப்பிலேயே சேமிப்பைக் கரைத்தால், மருத்துவம் படிக்கும்போது வங்கிக் கடன் வாசலில்தான் நிற்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என்றால் நானே பிரவுன் என்றிருப்பேன். கடன் வாங்காமல் எட்டாண்டும் கட்ட முடிகிற வீட்டுக்கு இப்போதும் அதைத்தான் சொல்வேன். இவர்களால் முடியாது.

என் ஓட்டு காலேஜ் பார்க்குக்கு. அதற்கு முன் உதவித்தொகையைத் தக்கவைக்க ஜிபிஏ எவ்வளவு வேண்டும், ஒரு செமஸ்டர் தவறினால் மறுவாய்ப்பு உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கச் சொன்னேன். கூடவே, வகுப்பு பதிவில் ஹானர்ஸ் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டா என்றும். ஆர்கானிக் லேப் இடம் கிடைக்காமல் ஒரு செமஸ்டர் தள்ளினால் எம்கேட்டும் தள்ளிப்போகும்.

அவள் அன்றிரவே மூன்று கேள்வியையும் எழுதி அனுப்பிவிட்டு, பிரவுன் கடிதத்தை மட்டும் தன் அறைக்கு எடுத்துப் போனாள். முடிவு சொல்ல மே 1 வரை நேரம் இருக்கிறது. அந்தக் கடிதத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.