ஜவ்வாது மலையில் ‘யாரும் போகாத இடம்’ என்று விற்கிறார்கள்: முன்பணம் அனுப்பும் முன் படியுங்கள்

கடந்த பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஜவ்வாது மலைக் காட்டுக்குள் ஓர் இரவு கூடாரமிட்டுத் தங்குவதற்காக ஆளுக்கு 2,400 ரூபாய் கட்டிய நாங்கள் ஐந்து பேர், இரவு பதினொன்றரை மணிக்கு வனத்துறை ஊழியர்களின் டார்ச் வெளிச்சத்தில் பெயரும் முகவரியும் சொல்லிக்கொண்டு நின்றோம். எங்களை அழைத்துப் போனவர் அப்போது அங்கே இல்லை. அதே விளம்பரம் இன்ஸ்டாகிராமில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவர் பெயரை எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. மேலும் இப்படிப்பட்டவர்களுக்குப் பெயர் மாற்ற ஒரு நிமிடம் போதும், ஏமாற்றும் முறைதான் மாறாது.

நாங்கள் ஏன் போய் விழுந்தோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சத்துவாச்சாரியிலிருந்து கிளம்பி, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏலகிரிக்குப் போய், படகுச் சவாரிக்கு வரிசையில் நின்றுவிட்டுத் திரும்புவது எங்களுக்கு அலுத்துவிட்டது. பர்வதமலைக்குப் பௌர்ணமியன்று ஏறியவர்களுக்கு அங்கே எவ்வளவு தனிமை கிடைக்கும் என்று தெரியும். கழிப்பறை வேண்டாம், கட்டில் வேண்டாம், விளக்கு வேண்டாம், ஆள் சத்தம் இல்லாத ஓர் இரவு மட்டும் வேண்டும், அதுவும் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் தொலைவில் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் “யாரும் போகாத இடம், வேலூரிலிருந்து இரண்டு மணி நேரம், வனத்துறை அனுமதியுடன்” என்ற வரி பட்டது.

அனுமதிக் கடிதத்தை நான் கேட்காமல் இல்லை. கேட்டதும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆனால் ஒரே ஒரு முறை மட்டும் திறக்கக்கூடிய படமாக அனுப்பினார். முத்திரையும் கையெழுத்தும் கண்ணில் பட்டன, தேதியைப் படிப்பதற்குள் கைதவறி மூடிவிட்டேன், படம் போய்விட்டது. மறுபடி கேட்டதற்கு, “டிபார்ட்மெண்ட் லெட்டர் சார், வெளியில சுத்தக் கூடாது, அதான்” என்றார். அந்த இடத்திலேயே விலகியிருக்க வேண்டும். நானோ முன்பணமாக 6,000 ரூபாயைக் கூகுள் பேயில் அனுப்பினேன். விளம்பரத்தில் இருந்த நிறுவனப் பெயருக்கும் திரையில் தோன்றிய கணக்குதாரரின் பெயருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதைப் பார்த்த பிறகுதான் அனுப்பினேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். மீதிப் பணத்தை அடிவாரத்தில் ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீது கிடையாது.

ஆலங்காயத்தில் கூடி, காவலூர் வழியாக ஏறினோம். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர்தான் அது. இருட்டு நன்றாக இருப்பதால்தானே அங்கே தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கு நட்சத்திரம் எண்ணப் போகிறோம் என்று என் மைத்துனன் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான். காவலூருக்கு அப்பால், அறுவடை முடிந்த ஒரு சாமைக் கொல்லையின் ஓரம் வண்டிகளை நிறுத்திவிட்டு நாற்பது நிமிடம் நடந்தோம். நடக்கத் தொடங்கிய சற்று நேரத்திலேயே ‘காப்புக்காடு’ என்று எழுதிய பலகை ஒன்று சாய்ந்து நின்றது. அதைக் காட்டிக் கேட்டேன். “அதெல்லாம் பேசி வச்சிக்கிறேன் சார், ஒண்ணும் ஆவாது” என்றார்.

விளம்பரத்தில் கண்ட ஓடை அங்கே இருந்தது, தண்ணீர்தான் இல்லை. மழை முடிந்த கையோடு எடுத்த படம் போலும். ஆறு பேருக்கு ஓர் இரவும் மறுநாள் காலையும் தாங்க வேண்டிய தண்ணீர் ஒரே ஒரு இருபது லிட்டர் கேன். அதையும் நாங்களே தோள் மாற்றிச் சுமந்து வந்திருந்தோம். கூடாரம் ஒன்றில் ஜிப் பிய்ந்திருந்தது. வசதி வேண்டாம் என்று போனவன் ஜிப்புக்காக அழக் கூடாது என்பதால் இதை இத்துடன் விடுகிறேன்.

பொழுது சாயும் நேரத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த மலைக்கிராமத்துப் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். “இங்க படுக்காதீங்க சாமி. இலந்தை பழுத்துக் கெடக்குது, கரடி வர்ற தடம் இது” என்றார். அழைத்துப் போனவர் சிரித்துவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் சருகைக் கூட்டித் தீ மூட்டினார். அது இலையுதிர் காடு; பிப்ரவரியில் கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு கிடக்கும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் போன 23 பேர் இறந்ததும், அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்ததும் எனக்குத் தெரிந்த செய்திகள்தான். தெரிந்திருந்தும், ஊருக்குப் புதியவனைப் போல அந்தத் தீயைச் சுற்றி உட்கார்ந்து கோழி வறுவல் சாப்பிட்டேன்.

பத்து மணி வாக்கில் “சிக்னல் கிடைக்குதான்னு பாத்துட்டு வரேன்” என்று எழுந்து போனவர் திரும்பவில்லை. தூரத்தில் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் போனாரா, யாராவது போன் செய்து சொன்னார்களா, தெரியாது. வந்த வனத்துறையினர் மூன்று பேரும் மரியாதையாகவே பேசினார்கள். முதலில் மண்ணைத் தள்ளித் தீயை அணைத்தார்கள், பிறகுதான் விசாரணை. வாட்ஸ்அப்பில் கடிதம் பார்த்தேன் என்று நான் சொன்னதற்கு, அவர்களில் மூத்தவர், “யார் பேருக்கு, எத்தினி பேருக்கு, எந்தத் தேதிக்கு, எந்தத் தடத்துக்குன்னு நாலும் அதுல இருந்துச்சா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழைவதும் அங்கே தீ மூட்டுவதும் 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். நாங்கள் ஏமாற்றப்பட்டோம் என்பதால் நாங்கள் நுழையவில்லை என்று ஆகிவிடாது. இருட்டில் எங்களைக் கீழே இறக்கிக்கொண்டு வந்து, எழுதி வாங்கிக்கொண்டு, அபராதம் விதித்தார்கள். அபராதத் தொகை எங்களை அழைத்துப் போனவரிடம் கட்டிய பணத்தைவிட அதிகம்.

வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கம் ஆளில்லாத நிலம் என்று யாராவது காட்டினால், அது பெரும்பாலும் காப்புக்காடாக இருக்கும், அல்லது ஒருவருடைய பட்டா நிலமாக இருக்கும். பட்டா நிலம் என்றால் சர்வே எண்ணைக் கேளுங்கள். அரசின் இணையச் சேவைத் தளத்தில் யார் பெயரில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். சர்வே எண்ணைச் சொல்லத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. காடு என்றால், அந்தப் பகுதியின் வனச்சரக அலுவலகத்துக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். நான் மறுநாள் கேட்டேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. நடைப்பயணம் மட்டும் போதும் என்பவர்களுக்கு, 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் நாற்பது தடங்களில் ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் இருக்கின்றன. அங்கே இரவு தங்க முடியாது, தனிமையும் அளவாகத்தான் கிடைக்கும், ஆனால் வழிகாட்டி பாதியில் காணாமல் போக மாட்டார். இரவு தங்கியே ஆக வேண்டும் என்றால் தெரிந்தவர் தோப்பைப் போல உத்தமம் வேறில்லை. நாங்கள் அடுத்த மாதமே குடியாத்தம் பக்கம் நண்பரின் மாமா மாந்தோப்பில், அவரிடம் சொல்லிவிட்டு, அதே ஐந்து பேர் படுத்தோம். நட்சத்திரம் அங்கேயும் தெரிந்தது.

பணம் திரும்பவில்லை. “ட்ரிப் போனீங்க இல்ல சார், சர்வீஸ் குடுத்தாச்சு” என்று ஒரு முறை பதில் அனுப்பிவிட்டு எண்ணைத் தடுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிந்த பிறகு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ரொக்கமாகக் கொடுத்த 8,400 ரூபாய்க்கு ஆதாரம் அடிவாரத்தில் நண்பர் எடுத்த ஒரு கைப்பேசிப் படம் மட்டுமே. முன்பணத்தையும் அதையும் கூட்டினால் 14,400 வருகிறதே என்று கேட்பீர்கள், வண்டி நிறுத்தவும் தண்ணீர் கேனுக்கும் என்று கடைசி நேரத்தில் 2,400 கூடுதலாக வாங்கிக்கொண்டார்.

சென்ற வாரம் அவருடைய பக்கத்தில் புதிதாக ஒரு படம் போட்டிருந்தார்: ஒரு பச்சைக் கூடாரம், எரியும் தீ, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் சிவப்புச் சட்டை. கீழே “அமைதியான ஓர் இரவு, இன்னும் ஆறு இடங்களே உள்ளன” என்று எழுதியிருந்தது. அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் என் மைத்துனன்.