ஜூலையில் மலையிறங்குவோருக்கு: மலேசியாவா, இலங்கையா?

கோத்தகிரியில் தங்கும் அறைகள் நடத்தும் எங்களுக்கு வெளிநாட்டுப் பயணம் எப்போது என்பதைச் சீசன்தான் முடிவுசெய்கிறது. நேரு பூங்காவின் காய்கறிக் கண்காட்சியோடு சூடுபிடிக்கும் மே மாதக் கூட்டம் வடிந்து, செப்டம்பரில் இரண்டாம் சீசன் தலைகாட்டும் வரையுள்ள இடைவெளியில்தான் சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்ப முடியும். அப்படிக் கிடைத்த ஜூலை மாதங்களில் ஒன்றில் இலங்கைக்கும், அடுத்ததில் மலேசியாவுக்கும் அம்மாவை அழைத்துச் சென்றேன். பல இனங்களும் மொழிகளும் சமயங்களும் சேர்ந்து வாழும் வெப்பமண்டல நாடு ஒன்றை முதன்முதலாகப் பார்க்க விரும்பி, எங்கு செல்லலாம் என்று கேட்கும் நம் பகுதி நண்பர்களுக்கு மலேசியாவையே நான் சொல்கிறேன்.

இலங்கையின் சிறப்புகள் நாம் அறிந்தவையே. திருச்சியிலிருந்து ஒரு மணி நேரப் பறப்பில் கொழும்பு வந்துவிடுகிறது. கோலாலம்பூருக்கு நான்கு மணி நேரம் ஆகும். சாப்பாட்டுக்கு எந்தச் சிரமமும் இல்லை, மொத்தச் செலவும் எங்களுக்குக் குறைவாகவே ஆனது. விசாவைப் பொறுத்தவரை, மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் வரை அனுமதிக்கிறது. இலங்கையின் விதிகள் அவ்வப்போது மாறுவதால் புறப்படுமுன் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

என் முடிவைத் தீர்மானித்தது மழை. தென்மேற்குப் பருவமழை நம் மாவட்டத்தில் எப்படிப் பெய்யும் என்பதை நினைத்துப் பார்த்தால் இலங்கையின் ஜூலையும் எளிதில் விளங்கும். கூடலூரிலும் தேவாலாவிலும் இரவு பகலாகக் கொட்டும்போது, மலைக்கு இந்தப் பக்கம் கோத்தகிரியில் காற்றும் மேகமுமாக இருக்குமே தவிர, பெருமழை ஐப்பசியில்தான் வரும். இலங்கையின் நடுமலைத் தொடரும் மேகத்தை அவ்வாறே மறிக்கிறது. ஹட்டன், நானுஓயா பக்கம் நனைந்துகிடக்க, மலைக்கு அப்பால் பதுளையும் பண்டாரவளையும் காய்ந்துகிடக்கின்றன. கண்டியிலிருந்து பதுளை ரயிலில் சென்றபோது இதை நேரிலேயே கண்டோம். பட்டிப்பொல நிலையம் வரை ஜன்னலை ஏற்றிவிட்டுச் சால்வையைப் போர்த்தியபடி அமர்ந்திருந்தோம். அதற்கு அப்பால் மலையுச்சிச் சுரங்கப்பாதையைக் கடந்து வெளியே வந்தபோது ஒஹியாவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அதற்கு முன் நுவரெலியாவில் தங்கிய இரண்டு நாளும் தூறலும் பனிமூட்டமும் விலகவேயில்லை. விடுதி ஜன்னலுக்கு வெளியே பத்தடி தூரத்துக்குத் தேயிலைச் செடிகள் தெரிந்தன, அதற்கு மேல் எல்லாம் வெள்ளை. "நம்ம வீட்டு வாசல்ல நின்னா இதேதானே தெரியும்?" என்று அம்மா கேட்டார். சமவெளியிலிருந்து வருபவருக்கு அந்தப் பனிமூட்டம் அரிய காட்சியாக இருக்கலாம். ஆண்டு முழுவதும் அதிலேயே வாழும் நமக்கு அதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. ஜூலையில் திருகோணமலை, பாசிக்குடா போன்ற கிழக்குக் கரை ஊர்கள் வெயிலோடு அழகாக இருக்கும் என்று சென்றுவந்தவர்கள் சொல்கிறார்கள். நான் அங்கெல்லாம் போனதில்லை. ஆனால் முதல் பயணத்திலேயே நாட்டின் ஒரு பாதியை ஒதுக்கிவிட்டு மறுபாதியை மட்டும் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரைக்கு அந்த மாதத்தில் சுமத்ரா தீவு ஒரு சுவர் போல நிற்கிறது. தென்மேற்குக் காற்றின் ஈரத்தை அத்தீவின் மலைகள் பெரும்பாலும் வாங்கிக்கொள்வதால், ஜூன், ஜூலை மாதங்கள் அங்கு ஒப்பீட்டளவில் மழை குறைந்தவை. கோலாலம்பூர், மலாக்கா, பினாங்கு மூன்றும் அந்தக் கரையிலேயே இருப்பது நமக்கு வாய்ப்பாகிவிட்டது. மழையே இராது என்று சொல்லவில்லை. ஆனால் நாங்கள் கண்டது நாட்கணக்கில் நீளாமல், பிற்பகலில் இடியோடு கொட்டி ஓய்ந்துவிடும் மழை.

அத்தகைய மழை ஒன்று பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நான்கு மணிக்கு எங்களைப் பிடித்தது. அங்குள்ள பழைய கடைவீடுகளின் முன்புறம் தெரு நெடுக 'ஐந்தடி' எனப்படும் கூரையிட்ட நடைபாதை உண்டு. ஓடி அதற்குள் ஒதுங்கினோம். ஊதுபத்தி விற்கும் சீன மூதாட்டி ஒருவர் அம்மாவுக்கு முக்காலியை நகர்த்திப் போட்டு மலாய் மொழியில் ஏதோ கேட்டார், அம்மா தமிழில் பதில் சொன்னார். பக்கத்து 'மாமாக்' கடையிலிருந்து (இந்திய முஸ்லிம்களின் உணவுக்கடை), பிளாஸ்டிக் பையில் ஊற்றி நூலால் கட்டிய தேநீரை வாங்கிவந்தேன். நாற்பது நிமிடத்தில் வெயில் திரும்பியது. அங்கிருந்து பத்து நிமிட நடைக்குள் 1818-இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், மாரியம்மன் கோயில், இந்திய முஸ்லிம்கள் கட்டிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பிரித்துப் படித்த நாட்டை ஒரே தெருவில் சேர்த்துப் பார்ப்பது அதுதான். ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை.

தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு அந்நாடு அந்நியமாக இருக்காது. பெயர்ப்பலகைகளில் காணும் 'கெடாய்' நம் 'கடை'. 'கப்பால்' கப்பல், 'காத்தில்' கட்டில். அங்குள்ள தமிழர் ரிங்கிட்டை 'வெள்ளி' என்கிறார்கள், காலையில் "பசியாறிட்டீங்களா?" என்று விசாரிக்கிறார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. பத்துமலையின் 272 படிகளையும் எழுபதைக் கடந்த அம்மா நின்று நின்று ஏறிவிட்டார்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நம் குளிருக்குப் பழகிய உடலுக்கு 33 டிகிரிப் புழுக்கம் கடுமையானது. நண்பகலில் அறையில் ஓய்ந்திருந்து மாலையில் சுற்றுவதே எங்களுக்கு ஒத்துவந்தது. மேலும், மழை குறைந்த மாதங்களில் சுமத்ராவில் காடுகள் எரிந்தால் அந்தப் புகை கடல் கடந்து வரும். 2015-இலும் 2019-இலும் அது கடுமையாக இருந்தது. நாங்கள் சென்றபோது வானம் தெளிவாகவே இருந்தது, ஆயினும் மூச்சிரைப்பு உள்ளவர்கள் அந்த வாரத்துக் காற்றின் நிலையைப் பார்த்த பிறகு கிளம்புவதே நல்லது. கேமரன் மலைக்குச் செல்லும் நாட்களை மலாக்காவுக்குக் கொடுங்கள். தேயிலையும் குளிரும் நமக்கு இங்கேயே இருக்கின்றன. போர்னியோவிலுள்ள சபா, சரவாக் மாநிலங்களுக்கு நாங்கள் செல்லவில்லை. அவற்றையும் பார்த்தவருக்கு மலேசியா வேறொரு நாடாகத் தெரியக்கூடும்.

இந்த வாதம் பொருந்தாத வீடுகள் நம் மாவட்டத்தில் பல உண்டு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்து கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறிய குடும்பத்தார், தாத்தா பிறந்த லயத்தை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டை) தேடிப் போகும்போது மழையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் வேண்டாம். பொங்கலுக்குப் பிறகு ஓய்வு கிடைப்பவர்களுக்கும் என் பரிந்துரை மாறும்: ஜனவரி முதல் மார்ச் வரை நுவரெலியாவில் வானம் பெரும்பாலும் திறந்திருக்கும், கண்டி ரயிலின் ஜன்னலையும் இறக்கிவைத்துக்கொள்ளலாம்.