அப்பாவின் 486 பெட்டியை வெட்டிவிட்டார்கள், உள்ளிருந்த டிஸ்க்கையும் காணோம்: மட்டக்களப்பில் பழைய கணினி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டில் பழைய கணினி ஒன்று இருந்து, அதன் ஹார்ட் டிஸ்க் சத்தம் போடத் தொடங்கியிருந்தால், கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முதல் இதை ஒருதரம் வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, முறைப்பாடு இன்னும் முடியவில்லை. மட்டக்களப்பு நகரில் உள்ள கடை, அவ்வளவுதான் சொல்லலாம்.

அப்பா 1994இல் கொழும்பில் வாங்கிய பெட்டி அது. 486 டிஎக்ஸ்2 புரொசெசர், 66 மெகாஹெர்ட்ஸ் வேகம், 8 எம்பி ரேம், 425 எம்பி ஹார்ட் டிஸ்க். அந்தக் காலத்தில் பஸ்ஸில் வைத்து, சோதனைச் சாவடிக்குச் சாவடி இறக்கித் திறந்து காட்டித்தான் ஊர் கொண்டுவந்து சேர்த்தார். விண்டோஸ் 3.1, பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர், பாமினி என்ற தமிழ் எழுத்துரு, இவற்றை வைத்து நகரில் ஒரு சின்ன அறையில் டைப்செட்டிங் செய்தார். கலியாணக் கார்ட், 31ஆம் நாள் நினைவு மலர், வைகாசி வந்தால் கண்ணகி அம்மன் கோயில்களுக்கு அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கின் பாடல் புத்தகம், எல்லாம் அதில்தான். காசு வாங்காமல் செய்த வேலை ஒன்றும் இருந்தது. கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடம் இருந்த வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக் கூத்துக் கொப்பிகளையும் இரவல் வாங்கிவந்து இரவிரவாக இருந்து அடித்துச் சேர்த்தார். சுனாமியில் கல்லடி வீட்டில் இருந்த படம், கடதாசி எல்லாம் அள்ளுண்டு போனபோது, பெட்டி நகர் அறையில் இருந்ததால் தப்பியது. அப்பாவின் கைப்பட்ட சாமான் என்று எங்களுக்கு மிஞ்சியதில் பெரியது அதுதான்.

அப்பா போன பிறகும் மாதம் ஒருக்கால் போட்டுப் பார்ப்போம். போன வருடம் டிஸ்க் சுழலும்போது கர்ர் என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது, சில கோப்புகளைத் திறந்தால் 'அபோர்ட், ரீட்ரை, ஃபெயில்' என்று கேட்டு நின்றுவிடும். பத்துத் தடவை போட்டால் ஏழு தடவை வேலை செய்யும். முப்பது வருடம் ஓடிய டிஸ்க், குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடையில் நான் கேட்டது மூன்று விஷயம். உள்ளே இருப்பதை முதலில் பிரதி எடுங்கள். டிஸ்க்குக்குப் பதிலாக சிஎஃப் (கொம்பக்ட் ஃபிளாஷ்) மெமரி கார்டைப் போடுங்கள், பழைய டிஸ்க்கை என்னிடமே தாருங்கள். வெளித்தோற்றத்தில் ஒரு கீறலும் வரக்கூடாது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டர்போ பொத்தான், அந்த வேகத்தைப் பச்சை எழுத்தில் 66 என்று காட்டும் அந்தச் சின்னத் திரை, எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். "பயப்படாதீங்க அக்கா, புதுசு போல ஆக்கித் தாறம்" என்றார் கடைக்காரத் தம்பி. பத்தாயிரம் முற்பணம் கொடுத்தேன். ஆறு நாள் என்றது ஐந்து வாரம் ஆனது, கடைசியில் 32,500 கட்டித்தான் பெட்டியை எடுத்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து போர்வையை எடுத்ததும் அம்மா அழத் தொடங்கிவிட்டார். முன்பக்கத்தில் பிளாப்பிக்குக் கீழே வெறுமையாக இருந்த மூடியை கிரைண்டரால் வெட்டி, ஒரு கறுப்பு யூஎஸ்பி பனலைச் செருகியிருந்தார்கள். வெட்டிய ஓரம் உருகி, பல்லுப் பல்லாக இருந்தது. தின்னர் போட்டுத் துடைத்ததில் டர்போ, ரீசெட் என்ற எழுத்துகள் அழிந்து, பிளாஸ்டிக் மேல்பரப்பு மங்கிப் பிசுபிசுத்துப் போயிருந்தது. 66 எரியவே இல்லை. போட்டுப் பார்த்தால் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும் வெறும் டொஸ், விண்டோஸ் இல்லை. பேஜ்மேக்கர் இல்லை, பாமினி இல்லை, அப்பாவின் கோப்பு ஒன்றுகூட இல்லை.

கல்முனையில் பழைய பெட்டிகள் திருத்தும் தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைக் கழற்றிக் காட்டியபோதுதான் முழுக்க விளங்கியது. அந்த யூஎஸ்பி பனலின் வயர் உள்ளே எங்கும் செருகப்படாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. செருகவும் முடியாது, யூஎஸ்பி என்பதே 1996இல் வந்தது, இந்த மதர்போர்டில் அதற்கு இடமே கிடையாது. மெமரி கார்டுக்குப் பதிலாக, பிந்திய காலத்து ஏதோ பென்டியம் 4 பெட்டியில் கழற்றிய 40 ஜிபி டிஸ்க்கைப் பூட்டியிருந்தார்கள். பெட்டி தொடங்கும்போது டிஸ்க்கை அடையாளம் காண்பது பயோஸ் என்ற மென்பொருள். டிஸ்க்கின் கொள்ளளவைக் கணக்கிடும் எண்கள் சிலிண்டர், ஹெட், செக்டர். அந்தக் காலத்து பயோஸ் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டருக்கு மேல் எண்ணாது, அதாவது 504 எம்பி, ஆகவே 40 ஜிபியில் அவ்வளவுதான் தெரிந்தது. பில்லில் 'பற்றரி' என்று தனியாகக் காசு எடுத்திருக்கிறார்கள். பழைய பீப்பாய்ப் பற்றரி கசிந்து பச்சை பிடித்தபடி போர்டில் அப்படியே இருந்தது. கடல் காற்றில் சும்மாவே துருப்பிடிக்கிற ஊரில் அதை அப்படியே விட்டால் போர்டின் செப்புக் கோடுகளையும் அரித்துவிடுமாம். அவர்தான் அதைக் கழற்றிக் கழுவினார், 66 திரையின் வயரையும் திரும்ப மாட்டினார். அந்தத் திரை வேகத்தை அளப்பதில்லை, பின்னால் இருக்கும் ஜம்பர் என்ற சின்னச் செருகிகளால் எண்ணை அமைத்து வைப்பது மட்டும்தான், ஆனாலும் அது எரிந்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

பழைய டிஸ்க்கைக் கேட்டு கடைக்குத் திரும்பப் போனேன். முதலில் "அது செத்துப்போச்சு அக்கா, குப்பையில போட்டாச்சு" என்றார்கள். நான் விடவில்லை. இரண்டாம் நாள் ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து இதுதான் என்று நீட்டினார்கள். எங்கள் பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் அப்பா பிளாஸ்டர் ஒட்டி, நீலப் பேனையால் 989 - 15 - 56 என்று எழுதி வைத்திருந்தார். சிலிண்டர், ஹெட், செக்டர். பற்றரி இறங்கினால் பயோஸ் அதை மறந்துவிடும், திரும்ப அடிக்க வேண்டும் என்பதற்காக. பெருக்கி, செக்டருக்கு 512 பைட் என்று பார்த்தால் 425 எம்பி சரியாக வரும். அவர்கள் நீட்டிய டிஸ்க்கின் லேபிளில் வேறு எண்கள். மூடியைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். கடைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்தேன், முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். என் கையில் இருக்கிற பற்றுச்சீட்டில் 'கொம்பியூட்டர் ரிப்பேர்' என்று மட்டும் இருப்பதுதான் இப்போது பெரிய தலையிடி. பெட்டியைக் கொடுக்கும்போதே டிஸ்க்கின் தொடர் இலக்கத்தையும், பழைய பாகம் திருப்பித் தரப்படும் என்பதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள், எழுத மாட்டோம் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அப்புறம், டிஸ்க் மாற்ற வெளிப்பக்கத்தில் எதையும் வெட்டத் தேவையில்லை. டிஸ்க் இருப்பது உள்ளே, இரும்புக் கூட்டில், வெளியே தெரியவே தெரியாது. சிஎஃப் கார்ட், இந்தப் பழைய பெட்டிகளில் இருக்கும் ஐடிஇ வகை டிஸ்க் போலவே பேசும், 40 பின் அடப்டர் சில டொலருக்குக் கிடைக்கிறது, அதே சாம்பல் நிறப் பட்டை வயரை சிவப்புக் கோடு முதல் பின் பக்கம் வரும்படி செருகினால் போதும். கல்முனைத் தம்பி எனக்கு அப்படித்தான் செய்து தந்தார். ஆனால் அதற்கெல்லாம் முதல் பிரதி எடுக்க வேண்டும். ஐடிஇ போர்ட் உள்ள இன்னொரு பெட்டியில் டிஸ்க்கைப் பூட்டி, லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற பிரதி எடுக்கும் மென்பொருளை ஓட்டினால், வாசிக்கக் கூடிய இடங்களை முதலில் எடுத்துவிட்டு, பிறகுதான் கெட்ட இடங்களுக்குத் திரும்பி வரும். யூஎஸ்பி அடப்டர்கள் பல இவ்வளவு பழைய டிஸ்க்குகளை அடையாளம் காணாது, அதைப் பார்த்து டிஸ்க் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் டிஸ்க் பத்துக்கு ஏழு தடவை வேலை செய்தது. நான் கடைக்குப் போகாமல் முதலில் பிரதி எடுத்திருந்தால் கூத்துப் பிரதிகள் இன்று இருந்திருக்கும். அப்பாவின் பிளாப்பிகள் பதினொன்றில் நான்குதான் வாசித்தன, அதில் இருந்தவை கலியாணக் கார்டுகள்.

டிஸ்க்கைக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை, விற்றிருப்பார்கள். மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் பழைய சாமான் கடையில் 425 எம்பி ஐடிஇ டிஸ்க் யார் கண்ணிலாவது பட்டால், லேபிளில் 989, 15, 56 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தயவுசெய்து ஃபார்மட் பண்ணாதீர்கள், பவர் கொடுத்தும் பார்க்காதீர்கள், எனக்குச் சொல்லுங்கள். என்ன விலை கேட்டாலும் தருகிறேன்.